பங்சாரில் அள்ளிச் சென்ற 19 கணினிகள்

2003 ஜனவரி 20. பங்சார் உத்தாமாவில் இருந்த மலேசியாகினி அலுவலகத்துக்குள் போலீசார் நுழைந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பெயர். பூமிபுத்ரா சலுகைகளைச் சாடி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை அந்தச் செய்தித்தளம் சில நாள்களுக்கு முன் வெளியிட்டிருந்தது. ஆளும் அம்னோ கட்சியின் இளைஞர் பிரிவு புகார் கொடுத்தது. எழுதியவர் யார் என்று போலீஸ் கேட்டது. ஆசிரியர் ஸ்டீவன் கான் சொல்ல மறுத்தார். சர்வர்கள் உட்பட 19 கணினிகளைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். போதாக்குறைக்கு, இடத்தைக் காலி செய்யச் சொல்லிக் கட்டட உரிமையாளரிடமிருந்து கடிதம் வேறு.

இரவில் ஆதரவாளர்கள் மெழுகுவர்த்தி ஏந்தி அலுவலகத்தின் முன் கூடினார்கள். தளமும் அன்றைக்கே மறுபடி இயங்கத் தொடங்கிவிட்டது. அரசாங்கத்துக்கு இது புது அனுபவம். சென்ற வாரம் பார்த்த 1987 ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கையின்போது ‘தி ஸ்டார்’, ‘சின் சியூ’, ‘வாத்தான்’ ஆகிய மூன்று ஏடுகளின் பெர்மிட்டைப் பறித்ததும் அச்சு இயந்திரங்கள் நின்றன, கதை முடிந்தது. 1984ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி ஒவ்வோர் ஏடும் 2012 வரை ஆண்டுதோறும் உள்துறை அமைச்சின் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு பெர்மிட் கிடைக்குமா என்ற கவலையில் இருந்த ஆசிரியருக்குத் தணிக்கை அதிகாரி எதற்கு? அவரே வெட்டிக்கொண்டார். பெர்மிட் போதாதென்று உரிமையும் ஆளும் கட்சிகளின் பக்கமே இருந்தது. அதே பங்சாரின் ஜாலான் ரியோங்கில் இயங்கிய ‘நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ 1970களிலேயே அம்னோவின் பிடிக்குப் போய்விட்டது. நம் ‘தமிழ் நேசன்’ பின்னாளில் ம.இ.கா. தலைவர் சாமிவேலுவின் குடும்பத்திடம் இருந்தது. யார் யாரைக் கேள்வி கேட்பது?

மலேசியாகினி ஏன் பிறந்தது என்பதற்குப் பங்சாரிலிருந்து செமினி வரை போக வேண்டும். 1995. ஸ்டீவன் கான் அப்போது ‘தி சன்’ நாளிதழில் வேலை பார்த்தார். செமினி தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்த அந்நியத் தொழிலாளர்களில் 59 பேர் இறந்துபோனதை அவரும் சக நிருபர்களும் கண்டுபிடித்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசிகள். டைபாய்டும் பெரிபெரியும்தான் காரணம். பெரிபெரி என்பது சத்தில்லாத சோற்றால் வரும் நோய். மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும் பி1 வைட்டமினே அதற்கு மருந்து. அந்தச் செய்தியை வெளியிட அவர்கள் நாளிதழே துணியவில்லை.

நிருபர்கள் தகவலைத் தெனாகானித்தா அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸிடம் கொடுத்தார்கள். ஐரின் இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்களின் மகள். முகாமிலிருந்து வந்தவர்களை விசாரித்து, அடியும் பட்டினியும் நிறைந்த அவர்கள் அனுபவத்தை அறிக்கையாக வெளியிட்டார். முகாமை நடத்தியவர்கள் மேல் வராத வழக்கு, 1996இல் அவர் மேல் வந்தது: பொய்ச்செய்தி பரப்பினாராம். ஏழு ஆண்டுக்கும் மேல் இழுத்த வழக்கில், 2003 அக்டோபரில் 12 மாதச் சிறை. மேல்முறையீடு நிலுவையில் இருக்க, 2004 தேர்தலில் நிற்கவும் முடியவில்லை. 2008 நவம்பரில்தான் விடுதலைத் தீர்ப்பு. தண்டனையை விட அந்தப் பன்னிரண்டரை ஆண்டு அலைச்சல்தான் பெரிய தண்டனை என்பேன்.

கானுக்கும் அவருடைய ‘சன்’ சகா பிரேமேஷ் சந்திரனுக்கும் வழி திறந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. பன்னாட்டு நிறுவனங்களை ஈர்க்க மல்டிமீடியா பெருவழித் திட்டத்தை அறிவித்த பிரதமர் மகாதீர், இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்று வாக்குக் கொடுத்தார். 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்திலும் அது ஏறியது. முதலீட்டாளருக்காகத் திறந்துவைத்த கதவில் இரண்டு நிருபர்கள் நுழைந்தார்கள். செய்தித்தளத்துக்குப் பெர்மிட் தேவையில்லை.

1999 நவம்பர் 20இல் மலேசியாகினி வெளிவந்தது. பொதுத் தேர்தலுக்கு ஒன்பதே நாள். பதவி நீக்கப்பட்ட துணைப் பிரதமர் அன்வார் இப்ராகிம் சிறையில் இருந்த காலம். தலைவர்களின் குழுப்படம் ஒன்றில் அன்வாரை அழித்துவிட்டு அவர் இடத்தில் புதிய துணைப் பிரதமர் அப்துல்லா படாவியை ஒட்டி அச்சிட்டிருந்த நாளேட்டை அது அம்பலப்படுத்தியது. அந்த ஏடு எது? 1987இல் பூட்டப்பட்ட அதே ‘சின் சியூ’. பயம் மனிதனை மட்டுமா மாற்றும்?

அரசாங்கம் வேறு வழிகளில் நெருக்கியது. நிருபர் அடையாள அட்டை தரவில்லை, செய்தியாளர் கூட்டத்தில் நுழைய விடவில்லை. ஆனால் 2007 நவம்பர் 25இல் இந்தியர் உரிமை கோரிய இண்ட்ராப் பேரணி மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டபோது, மறுநாள் பேப்பருக்குக் காத்திராமல் மக்கள் இணையத்தில் பார்த்தார்கள். 2008 மார்ச் 8 தேர்தல் இரவு இன்னும் பெரிய கூட்டம். ஆளும் தேசிய முன்னணி 222 இடங்களில் 140ஐ மட்டும் பெற்று மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. சுங்கை சிப்புட்டில் சாமிவேலு தோற்றார். பங்சார் அடங்கிய லெம்பா பந்தாயில் அன்வாரின் மகள் நூருல் இசா ஜெயித்தார். அந்த முடிவை மலேசியாகினி கொண்டுவந்தது என்று சொன்னால் மிகை. இண்ட்ராப், விலைவாசி, மக்கள் கோபம் எல்லாம் சேர்ந்தன. கோபத்துக்கு ஆதாரம் கொடுத்த வேலையைத்தான் அது செய்தது.

இன்னொன்று: அச்சு நாளிதழ் நடத்தவும் அது பெர்மிட் கேட்டது. அமைச்சு மறுத்தது. அது உரிமை, சலுகையல்ல என்று 2012இல் உயர் நீதிமன்றமும் 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்ன பிறகும் அமைச்சு மசியவில்லை.

2021 பிப்ரவரி 19இல், வாசகர்கள் இட்ட ஐந்து கருத்துகளுக்காகக் கூட்டரசு நீதிமன்றம் மலேசியாகினிக்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. அரசுத் தரப்பே 2 லட்சம்தான் கேட்டிருந்தது. ஏழு நீதிபதிகளில் மாறுபட்டவர் நளினி பத்மநாதன் ஒருவரே. சந்தா கட்டுவதில் நம் ஊர்க்காரர்கள் எவ்வளவு கெட்டி என்பது பத்திரிகை நடத்தும் எல்லோருக்கும் தெரியும். அந்த 5 லட்சத்தை அவர்கள் சில மணி நேரத்தில் கொடுத்துத் தீர்த்தார்கள்.

அடுத்த வாரம்: 2007 ஆகஸ்டில் ‘மக்கள் ஓசை’ ஒரு மாதம் நிறுத்தப்பட்ட கதை.