எரிநிலத்து முரண்கள்: விருதுநகர் – சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறையும் வகுப்பும்

முரணுண்மை என்னும் சொல்லை இக்கட்டுரையில் வரையறுத்த ஒரு பொருளில் ஆள்கிறோம். ஒரு பொருளைப் பற்றிய இரு கூற்றுகள், தனித்தனியே ஆராயும்போது மெய்யாக நின்று, சேர்த்து வைக்கும்போது ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றுமாயின், அந்நிலையே முரணுண்மை. இரண்டில் ஒன்று பொய்யென்று தெளிந்துவிட்டால் அது பிழை, முரணுண்மை ஆகாது. சொல்லளவில் மட்டும் எதிர்நிற்பது அணிநூலார் விரோத அணி என்று வகுத்தது. அது செய்யுளின் அழகைச் சேர்ந்தது. நாம் எடுத்துக்கொள்வது பொருளளவில் நிற்கும் முரணை.

இதனை மூன்றாக வகுக்கலாம். இரு கூற்றுகளும் வெவ்வேறு நிலைமைகளில் மெய்யாக இருந்து, அந்நிலைமைகள் வேறுபிரித்துச் சொல்லப்படாததால் முரணாகத் தோன்றுவது எல்லை முரண். ஒரு விதியும் அவ்விதி எதற்காக ஏற்பட்டதோ அந்த நோக்கமும் ஒன்றோடொன்று மோதுவது நோக்க முரண். ஒரு செயலின் விளைவே திரும்பி வந்து அச்செயலையோ செய்தவரையோ தாக்குவது மீள்விளைவு முரண். இம்மூன்றிலும் அடங்காமல், முரண் என்ற பெயரை மட்டும் போர்த்திக்கொண்டு நிற்பது ஒன்று உண்டு. அதனைப் போலி முரண் என்போம். அதை இறுதியில் எடுத்துக்கொள்கிறோம். இந்த ஆய்வே அதன்பொருட்டுத்தான்.

களமாக விருதுநகர் மாவட்டத்தைக் கொண்டதற்குக் காரணம் உண்டு. 1985-இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இந்தக் கரிசல் பூமியில், ஆண்டாளின் ஸ்ரீவில்லிபுத்தூரும், ரமணர் பிறந்த திருச்சுழியும், காமராசரின் விருதுநகரும், பட்டாசின் சிவகாசியும் ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில்லாமல் அமைந்திருக்கின்றன. சமயம், அதிகாரம், அறிவியல், அன்றாடம் என்னும் நான்கிலும் முரணின் முதிர்ந்த வடிவங்கள் இங்கே கிடைக்கின்றன.

2. சமயத்தில்

இறைவனுக்குச் சாத்தும் மாலையை முன்னரே ஒருவர் சூடலாகாது; முகரவும் ஆகாது. இது விதி. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தலவரலாற்றின்படி, பெரியாழ்வாரின் மகள் ஆண்டாள் அந்த விதியை மீறினாள். தந்தை அஞ்சி வேறு மாலை கொண்டுசென்றபோது, அவள் சூடிக் களைந்ததே தனக்கு வேண்டும் என்றான் பெருமாள். மாலையின் தூய்மையைக் காப்பது விதி. அன்பைச் சேர்ப்பிப்பது விதியின் நோக்கம். நோக்கம் நேரே வந்து நின்றபோது விதி விலகியது. நோக்க முரணுக்கு இதைவிடத் தெளிவான சான்றை நாம் அறியோம். இதில் கவனிக்க வேண்டிய அடுத்த படி ஒன்று உண்டு. ஆண்டாள் சூடிய மாலை இன்றும் திருமலைப் பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்கும், மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கும் அனுப்பப்படுகிறது. அன்றைய விலக்கு இன்றைய விதியாகிவிட்டது.

இதே மரபு மனிதரிடத்தில் எவ்வாறு நடந்துகொண்டது என்பதையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும். நாடார் சமூகத்தார் கோயிலுக்குள் சென்று வழிபடும் உரிமை கேட்டதையொட்டி எழுந்த பகை, 1899 ஜூனில் சிவகாசிக் கலவரமாக வெடித்தது. கமுதிக் கோயில் நுழைவு வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவும், அதைத் தொடர்ந்து வந்த சட்டமும்தான் கதவைத் திறந்தன. ஒரு பெண் சூடிய பூவை ஏற்ற மரபு, பூவோடு வந்த அடியாரைத் தடுத்தது. முன்னதில் நோக்கம் விதியை வென்றது. பின்னதில் விதி நோக்கத்தை விழுங்கியது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, சமயம் முரண்களின் உறைவிடம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது ஆய்வாகாது. முன்னது சமயத்தின் உயர்வு. பின்னது அதன் வழு.

எல்லை முரணுக்கும் இங்கே சான்று உண்டு. பங்குனிப் பொங்கலின்போது விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலுக்கு மக்கள் தீச்சட்டி ஏந்தி வருகிறார்கள். பட்டாசு ஆலையின் வாசலிலோ தீப்பெட்டியும் கைப்பேசியும் தடுக்கப்படுகின்றன. வேண்டுதலில் கையில் ஏந்தும் தீயை வேலையில் அணுகவிடுவதில்லை. சட்டியிலுள்ள தீ கண்ணுக்குத் தெரிவது, அளவுக்கு உட்பட்டது, ஏந்துபவர் தாமே விரும்பி ஏற்றது. வெடிமருந்து அறையில் உள்ளதோ இன்னும் பிறக்காத தீ. நிலைமையைப் பிரித்துச் சொன்னதும் முரண் கரைகிறது.

3. அதிகாரத்தில்

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என்று அறியப்படும் காமராசர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து பள்ளிகளைப் பெருக்கினார். மதிய உணவு தந்தார். 1963 அக்டோபர் 2 அன்று தாமே வகுத்த திட்டத்தின்படி பதவி விலகினார். பதவியை விட்டதால் அவர் அதிகாரம் குறையவில்லை. 1964-இல் லால் பகதூர் சாஸ்திரியும் 1966-இல் இந்திரா காந்தியும் பிரதமரானபோது முடிவை உருவாக்கிய கை அவருடையது. பதவியையும் அதிகாரத்தையும் ஒன்றாகக் கருதினால்தான் இது முரணாகும். இரண்டையும் பிரித்தறிந்தால் இதுவும் எல்லை முரணே.

1967 தேர்தல் வேறு வகையைச் சேர்ந்தது. சொந்த ஊரான விருதுநகரில், 1965-ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் வளர்ந்த மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் காமராசர் தோற்றார். அரிசித் தட்டுப்பாடு, மொழிச் சிக்கல், கட்சியின் சோர்வு எனக் காரணங்கள் பல. அவற்றோடு இதையும் சேர்க்க வேண்டும்: பள்ளிக்கூடம் தரும் கல்வி, தந்தவருக்கு நன்றி செலுத்த மட்டும் கற்பிப்பதில்லை, தேர்ந்தெடுக்கவும் கற்பிக்கிறது. இது மீள்விளைவு முரண். ஆனால் செயலின் தோல்வியாக இதை நாம் கொள்வதில்லை. கல்வி தன் வேலையை முழுமையாகச் செய்தது என்பதற்கே இது சான்று.

இதே ஊரில் 1956 ஜூலை 27 அன்று தியாகி சங்கரலிங்கனார், மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயர் சூட்டுவது உள்ளிட்ட கோரிக்கைகளோடு உண்ணாநோன்பு தொடங்கினார். எதிரே இருந்தது காங்கிரஸ் அரசு. அதன் முதல்வர் அதே ஊர்க்காரர். உண்ணாநோன்பின் வலிமை, எதிர்நிற்பவர் நம்மைப் பொருட்படுத்துவார் என்ற நம்பிக்கையில் இருக்கிறது. உறவு நெருங்க நெருங்க அது வலுக்கவேண்டும். இங்கே அவ்வாறு நிகழவில்லை. அக்டோபர் 13 அன்று அவர் உயிர் பிரிந்தது. 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் பெயர்மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. உயிரோடிருந்தவரின் சொல்லுக்குக் கிடைக்காத செவி, அவர் இறந்தபின் அச்சொல்லுக்குக் கிடைத்தது.

4. அறிவியலில்

இப்பகுதியில் சற்று நீண்ட நேரம் தங்க வேண்டியிருக்கிறது.

முதலில் நிலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் சிவகாசியில் வேளாண்மை நிச்சயமற்றது. அந்த வறட்சியே தொழிலுக்கு வாய்ப்பாயிற்று. 1922-இல் பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், அவற்றின் லேபிள்களுக்காக வளர்ந்த அச்சுத்தொழிலும் ஊரை நிரப்பின. பயிருக்குப் பகையான வெயில் மருந்தைக் காயவைத்தது.

அடுத்து வேதியியல். கருமருந்தின் மரபான விகிதம் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரித்தூள், 10 பங்கு கந்தகம். இதில் பெரும்பங்கான வெடியுப்பு தானாக எரிவதில்லை. பிறவற்றை எரிப்பதற்கான ஆக்சிசனைக் கொடுக்கிறது. எரியாத பொருளே எரிதலின் விசையைக் கூட்டுகிறது. எரிபொருள், எரிவிப்பான் என்று இரு பங்குகளாகத் தீயைப் பிரித்து அறியும்போது இந்த முரண் தீர்கிறது.

இந்தப் பிரிவினைதான் பாதுகாப்புத் தீக்குச்சியின் அடிப்படையும். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு. பெட்டியின் பக்கத்தில் செம்பாஸ்பரசு. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் லேசான உராய்வே போதும், வெடித்துவிடும். இரு இடங்களில் பிரித்து வைத்ததால், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரியலாம். அபாயத்தை நீக்காமலேயே, அதைப் பிரித்து வைத்ததன் மூலம் பாதுகாப்புக் கிடைத்தது. இக்கோட்பாட்டைப் பிரிப்புக் காப்பு எனப் பெயரிட்டு நினைவில் வைத்துக்கொள்வோம்; பின்னர் தேவைப்படும்.

வறட்சியைப் பற்றிய முரணோ அவ்வளவு எளிதில் தீர்வதில்லை. காற்று உலர்ந்திருந்தால் மருந்து காயும். ஆனால் உலர்ந்த காற்றில் நிலைமின்னூட்டம் சேரும். ஒரு சிறு பொறி போதும். சரி, ஈரம் காக்குமா? அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் வேதிவினை தொடங்கி வெப்பமும் ஹைட்ரசனும் பிறக்கின்றன. வெளிப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளலாம். கலந்த மருந்தை அன்றே செலுத்தி முடிக்க வேண்டும், மறுநாளைக்கு மிச்சம் வைக்கக்கூடாது என்று போர்மேன்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. அதிகாலைக் குளிர்ச்சியில் கலவையை முடிப்பதும் இதைச் சார்ந்த ஒழுங்கு. ஆகவே வறட்சியும் காக்காது, ஈரமும் காக்காது. காப்பது அளவும் நேரமும்தான். ஒரு நேரத்தில் எவ்வளவு மருந்து, எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் குறுக்கினால்தான் இம்முரணோடு வாழ இயலும். இதை முற்றிலும் தீர்த்துவிட்டதாக எந்தத் தொழில்நுட்பமும் சொல்லத் தகாது.

சட்டம் அறிவியலுக்குள் நுழையும்போது பிறந்த முரண் ஒன்றையும் இங்கே சொல்லிச் செல்கிறோம். 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்து, புகை குறைந்த பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. காற்றைக் காப்பதே நோக்கம், அதில் ஐயமில்லை. ஆனால் பேரியம் நைட்ரேட்டைப் பெரிதும் நம்பியிருந்தவை கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், தரைச்சக்கரம் போன்ற ஒளிவகைகள். சிறுவர் கையில் கொடுக்கும் ஓசையற்ற வகைகளே தடையால் முதலில் தடுமாறின.

5. அன்றாடத்தில்

வட்டாரத்துக் குடும்பங்களில் பலவற்றுக்கு ஒரு கால் நிலத்திலும் ஒரு கால் ஆலையிலும் உண்டு. நிலத்துக்காக மழையை வேண்டுகிறார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அதே மழை வேலையை நிறுத்திக் கூலியைப் பறிக்கிறது.

பள்ளித்தேர்ச்சியில் மாநிலத்தின் முன்வரிசையில் பல ஆண்டுகள் நின்ற மாவட்டம் இது. 2018-இல் நடுவணரசு வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்றும் திட்டத்துக்கென்று தேர்ந்தபோது, தமிழகத்திலிருந்து இராமநாதபுரத்தோடு விருதுநகரும் அப்பட்டியலில் இடம்பெற்றது. இரு கணக்குகளும் மெய். தேர்ச்சி என்பது பிள்ளைகள் ஏறிய உயரம். மற்றது பெற்றோர் நின்ற தரை. மருந்துக்கறை படிந்த கையோடு வந்து, தன் பிள்ளைக்கு இந்தத் தொழில் வேண்டாம் என்று சொல்லும் தாயின் கூலியில்தான் அந்தத் தேர்ச்சி எழுந்தது. வட்டாரத்தின் மிகச் சிறந்த மீள்விளைவு இது. வருங்காலத்தில் ஆலைக்கு ஆள் கிடைக்காமற்போனால், அதை நாம் மகிழ்ச்சியோடு வரவேற்க வேண்டும்.

துயரமான மீள்விளைவும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் அங்கே வேலை செய்தவர்கள் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த ஊரார். விதி இறுகும்போதெல்லாம் வேலையின் ஒரு பங்கு ஆலையை விட்டு வெளியேறி, பட்டாசுக்கான கருந்திரி சுற்றும் வேலையாக வீடுகளுக்குள் புகுவதும் இவ்வகையே. பாதுகாப்புக்காக இட்ட வேலி, அபாயத்தைக் குழந்தைகள் உறங்கும் கூரைக்குக் கீழே கொண்டுசேர்க்கிறது. விதியைத் தளர்த்துவது இதற்கு மருந்தன்று. வீட்டில் திரி சுற்றும் கைகளுக்கு ஆலைக்குள் முறையான கூலி கிடைக்கச் செய்வதே மருந்து.

6. போலி முரண்

மருந்து செலுத்தும் அறையொன்றில் நால்வருக்கு மேல் இருக்கக்கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். இது முன்னர்ப் பெயரிட்ட பிரிப்புக் காப்பேதான். தீக்குச்சியில் செய்ததைக் கட்டடத்தில் செய்கிறோம்.

உள்குத்தகை இந்தக் கோட்பாட்டைத் தலைகீழாக்குகிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகள் ஆளுக்குச் சிலவாகப் பலருக்கு வாடகைக்குப் போகும். குத்தகை எடுத்தவர் செலவிட்டதை மீட்க, நால்வர் அறையில் கூடுதலாக ஆட்களை அமர்த்துவார். மர நிழலிலும் மருந்து செலுத்தப்படும். அளவு, நேரம் இரண்டும் கைநழுவும். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போனபோது, ஓர் ஆலை பலர் கைக்கு மாறியிருந்தது விசாரணையில் வெளிவந்தது. இங்கே மருந்து பிரிக்கப்படவில்லை; அது குவிந்தது. பிரிக்கப்பட்டது பொறுப்பு. உரிமத்துக்கு உரியவர் அறையில் இல்லை. அறையில் இருந்தவருக்கு உரிமம் இல்லை.

ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும், வாழவைக்கும் தொழிலே சாகடிக்கிறது, என்ன செய்வது என்று சொல்லக் கேட்கிறோம். நாளிதழ்களில் உராய்வு என்ற ஒற்றைக் காரணத்தோடு செய்தி முடிந்துவிடுகிறது. உராய்வு மெய்தான். ஆனால் நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப்பேரை அமர்த்தியது உராய்வு அன்று. நம் மூவகைச் சோதனையையும் வைத்துப் பார்ப்போம். நிலைமையைப் பிரித்துக் காட்டினால் இது கரைகிறதா? இல்லை. விதியும் நோக்கமும் இங்கே மோதுகின்றனவா? இல்லை, இரண்டும் ஒரே பக்கம் நின்று உள்குத்தகையைத் தடுக்கின்றன. நற்செயல் ஒன்றின் எதிர்பாராத விளைவா? அதுவும் இல்லை, விளைவு என்னவென்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்.

ஆகவே உள்குத்தகையை முரணுண்மைகளின் வரிசையில் வைக்க இடமில்லை. அது குற்றம். உரிமத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே அறைக்குள் நடப்பதற்கும் விடை சொல்ல வேண்டும்.