பாட்டிமார் காத்த பாட்டு

பல்கேரியத் தலைநகர் சோபியாவை அடுத்து, விதோஷா மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர் பிஸ்திரிட்சா. அவ்வூர் மூதாட்டியர் பேணிவரும் பெண்கள் பாடற்குழு ‘பிஸ்திரிட்சா பாபி’ எனப்படும். ‘பாபி’ என்பதற்குப் பாட்டிமார் என்பது பொருள்.

இவர்தம் பாட்டு கருவித் துணை வேண்டா மிடற்றுப் பாடல். ஓரிரு குரல்கள் மெட்டை ஏந்திச் செல்ல, ஏனைய குரல்கள் மாறாத சுருதியில் நின்று ஒலிக்கும். அடுத்தடுத்த இரு சுரங்கள் ஒருசேர ஒலிப்பதைப் பிறர் முரண் என்பர். இப்பெண்டிர்க்கோ அதுவே இசைவு.

கன்னியர்க்குரிய இளவேனிற் சடங்கான ‘லாசருவானே’யும், கைகோத்தாடும் ‘ஹோரோ’வும் இப்பாடல்களோடு பிணைந்தவை. இருபதாம் நூற்றாண்டில் இவை வாழ்வினின்று விலகி மேடையேறின. சடங்கின் பொருள் மங்கியது.

2005இல் யுனெஸ்கோ இம்மரபை மானுடத்தின் அரும்பெருஞ் செல்வமாக அறிவித்தது. 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது. எனினும், இளையோர் மேடைக்குகந்த சில பாடல்களை மட்டுமே கற்பின், எஞ்சியவை பாட்டிமாரோடு மறையும். பாராட்டு பெயரைக் காக்கும். பாட்டைக் காப்பது பேத்தியர் நாவே.