சொல்லும் உருவமும்

ஒரு சொல்லைக் கேட்ட அளவிலே நம் மனத்தில் ஓர் உருவம் எழுகின்றது. சமயநல்லூரில் நான் ஆசிரியப் பணி புரிந்த காலத்தில், ‘கள்வன்’ என்று கரும்பலகையில் எழுதி, மனத்தில் தோன்றுவதை வரையுமாறு மாணவரிடம் கூறுவதுண்டு. பெரும்பாலோர் கறுத்த மேனியும் முறுக்கு மீசையும் உடைய ஒருவனையே வரைவர். அவனை எங்கே கண்டீர்கள் என வினவினால் விடை பிறவாது. கதையும் திரைப்படமும் தந்த உருவம் அது. அத்தகைய உருவங்கள் எவ்வளவு தீங்கு விளைக்கும் என்பதற்கு, அவ்வூருக்குச் சில கல் தொலைவிலுள்ள மதுரையே சான்றாகும்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நினைவுகூருங்கள். கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வனுக்குரியதன்று என்றே கருதினர். பொற்கொல்லனோ நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டினையும் துணைக்கொள்பவர் கள்வர் என்று விரித்துரைத்தான். கண்முன் நின்ற மனிதன் மறைந்தான். சொல்லால் வரைந்த கள்வன் தோன்றினான். கல்லாக் களிமகன் ஒருவனின் வாள் கோவலனை வெட்டி வீழ்த்தியது.

கதை அங்கே முடியவில்லை. பின்னர்க் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று அக்காப்பியமே கூறுகின்றது. ஒருவன் செய்த வஞ்சம் தொழிலினர் அனைவர் மீதும் ஏறியது.

காப்பியத்தில் கண்ட இப்பிழையை, பிற்காலத்தில் ஆங்கில அரசு சட்டமாகவே இயற்றிற்று. 1871-இல் வடநாட்டில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. மதுரை வட்டாரத்துப் பிறமலைக் கள்ளர் மீதும் பாய்ந்தது. ஒருவர் செய்த குற்றம் யாது என அது வினவவில்லை. பிறந்த குலத்தையே வினவியது. உழுது வாழ்ந்தவரும் கைரேகை பதித்துக் காவலரின் கண்காணிப்பில் வாழ நேர்ந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்து நின்ற மக்கள் மீது துப்பாக்கிகள் முழங்கின. மாயக்காள் என்னும் பெண்மணி உட்பட 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் அச்சட்டம் நீங்கியது.

சட்டத்தை நீக்குதல் அரசால் இயலும்; மனத்திலுள்ள உருவத்தை நீக்குதல் அவரவர் கடமை. ஒரு குலப்பெயரையோ தொழிற்பெயரையோ கேட்டு மனத்தில் ஓர் உருவம் எழும்பொழுது, இதனை எனக்குத் தந்தவர் யார் என்று கேளுங்கள். தம் கண்ணால் கண்டதை நம்பிய அந்தக் காவலர் சொல் அன்று வென்றிருப்பின், கோவலன் உயிர் பிழைத்திருப்பான்.