ரொட்டியின் வரலாறு

தலவாக்கலைத் தோட்ட லயங்களில் விடியுமுன் சுடப்படும் ரொட்டியை மலையகத்தின் தொன்றுதொட்ட உணவென்றே நம்மிற் பலர் கருதுகிறோம். உண்மை வேறு. தமிழகத்திலிருந்து வந்த முன்னோர் கோதுமை உண்டு பழகியவரல்லர். தோட்ட நிர்வாகம் அரிசியைக் கொடுத்து, விலையைக் கூலியிற் பிடித்துக்கொண்டது. 1942இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றவே, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டில் கோதுமை மா புகுந்தது.

அம்மாவை உணவாக்கியவர்கள் பெண்கள். தேங்காய்த் துருவலும் உப்பும் சேர்த்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, சற்று ஊறவிட்டுத் தட்டினால், கொழுந்து மலையில் நண்பகலிலும் ரொட்டி விறைக்காது. எந்தச் சமையல் நூல் இதை அவர்களுக்குக் கற்பித்தது? உறைப்பான சம்பல் சிறிதிருந்தால் கறியும் வேண்டாம், கறிக்கு வழியுமில்லை.

1973-74 தட்டுப்பாட்டில் மாவும் அரிதாயிற்று. தோட்டங்களில் பட்டினியால் மாண்டோர் உண்டு. அவ்வாண்டுகளிலும் தேயிலை கப்பலேறிற்று.