குழந்தையின் கோபமும் மதுரைச் சீமையும்

திண்ணைப் பள்ளிக்கூடத்தின் விட்டத்திலிருந்து தொங்கிய கயிறு ஒன்றுக்குக் கோதண்டம் என்று பெயர். ராமபிரானின் வில்லுக்குரிய பெயரைத் தாங்கிய அந்தக் கயிற்றைப் பற்றிக்கொண்டு, கால் தரையில் பாவாமல், கை சோர்ந்து விழும்வரை தொங்கவேண்டியது குற்றம் செய்த பையனின் விதி. பள்ளியை விட்டு ஓடும் பழக்கமுடைய பையனுக்கோ காலில் சங்கிலி பூட்டி, அதன் மறுமுனையில் மரக்கட்டை ஒன்றைப் பிணைத்து, அந்தக் கட்டையைத் தோளில் சுமந்தபடியே வீட்டுக்கும் பள்ளிக்கும் அவனை நடக்கவிடுவார்கள். தமிழ்நாட்டின் பல பகுதிகளிலும் வழங்கிய இந்தத் தண்டனைகள் வைகைக் கரை ஊர்களுக்கும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் கிராமங்களுக்கும் அந்நியமானவை அல்ல. "கண் ரெண்டையும் விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்க, வாத்தியாரய்யா" என்று சொல்லித் தகப்பனே பிள்ளையைக் கொண்டுவந்து ஒப்படைப்பது எங்கள் பக்கத்தில் மரியாதையான பேச்சாகவே கருதப்பட்டது.

வாத்தியார்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று இதைக்கொண்டு முடிவுகட்டுவது நியாயமாகாது. பிள்ளைகளின் வீட்டார் அளக்கும் நெல்லைக்கொண்டு ஜீவனம் நடத்திய அந்த ஏழை மனிதர், நெடுங்கணக்கையும் எண்சுவடியையும் மனத்தில் பதியவைக்கத் தமக்குத் தெரிந்த ஒரே உபாயத்தைக் கையாண்டார். ஆனால் பாடம் ஒப்பிக்காத பையனும், பலகையை வீசியெறிந்துவிட்டுத் தரையில் புரண்டு கத்திய பையனும் ஒரே கயிற்றில் தொங்கவிடப்பட்டார்களே, அவ்விருவருக்கும் நேர்ந்தது ஒன்றுதானா என்ற கேள்வி அந்தத் திண்ணையில் எழவில்லை. முரண்டு, அடம், வீம்பு, பிடிவாதம் என்று குழந்தையின் கோபத்துக்கு நம்மிடம் சொற்கள் ஏராளம்; அவை யாவும் குழந்தை என்ன செய்கிறது என்பதைச் சொல்லுகின்றனவேயன்றி, எதனால் செய்கிறது என்பதைச் சொல்லுவதில்லை. காரணத்தைச் சுட்டும் சொல்லாகக் கிராமத்தில் வழங்கியது 'பயந்த கோளாறு' ஒன்றுதான். அதற்கும் பரிகாரம் தேடியவர்கள் வாத்தியாரிடம் போகவில்லை, மந்திரிப்பவரிடம் போனார்கள்.

இதே திண்ணைப் பள்ளிதான் உலகுக்கு ஒரு போதனா முறையையும் வழங்கியது. 1789இல் சென்னை ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, மூத்த பையன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையைத் தம் இல்லத்தில் நிறுவி, 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவிற்று. பையன்களின் குற்றத்தைப் பையன்களே கூடி விசாரிக்கும் ஒரு சபையையும் அவர் ஏற்படுத்தியிருந்தார். அடிப்பதற்கு முன் விசாரிக்க வேண்டும் என்ற அந்தச் சிறு தர்மமாவது இங்கே வேரூன்றியிருக்கலாம், வேரூன்றவில்லை.

மாறாக, பிரம்பு சட்டப் புத்தகத்துக்குள் ஏறி அமர்ந்துகொண்டது. தமிழ்நாடு கல்வி விதிகளில் 51ஆம் விதி, சரீர தண்டனை கூடாது என்று தொடங்கி, உடனேயே ஒரு விலக்கையும் வைத்தது: வேண்டுமென்றே பொய் சொல்லுதல், சொல்லிலோ செயலிலோ ஆபாசம், அப்பட்டமான கீழ்ப்படியாமை ஆகிய ஒழுக்கக் கேடுகளுக்கு மட்டும், தலைமையாசிரியராலோ அவர் மேற்பார்வையிலோ, உள்ளங்கையில் 6 அடிகளுக்கு மேற்படாமல் கொடுக்கலாம் என்றது. எண்ணிக்கையை வரையறுத்தவர்கள் இரக்கமுள்ளவர்களாகவே இருந்திருக்க வேண்டும். ஆயினும் உள்ளத்தின் கொந்தளிப்பைத் தானே அடக்கிக்கொள்ள இயலாத ஒரு குழந்தை, எழு என்றால் எழாமலும் நில் என்றால் நில்லாமலும் இருக்கும்போது, அது பார்ப்பவர் கண்ணுக்கு அப்பட்டமான கீழ்ப்படியாமையாகவே தோன்றும் என்பதையும், ஆகவே விதிவிலக்கின் முழுப் பாரமும் மிகவும் பலவீனமான குழந்தையின் கையிலேயே இறங்கும் என்பதையும் அவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை. அந்த விலக்கு நீக்கப்பட்டது 2003இல். சரீர தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்துத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 2009இல் பிறந்து, 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பிரம்பின் சட்ட ஆயுள் எவ்வளவு அண்மைவரை நீண்டது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கலங்குகிறது.

மதுரைச் சமவெளிக்கு இதைவிடக் கசப்பான அனுபவம் ஒன்றும் உண்டு. ஒரு குழந்தையை மட்டுமன்றி, ஒரு சமூகத்தின் அத்தனை குழந்தைகளையும் பிறவியிலேயே தீய சுபாவம் உடையவர்கள் என்று கருதிய சட்டம் இங்கே ஆட்சி செய்தது. குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பிரமலைக் கள்ளர்களின் கைரேகையைப் பதிவுசெய்ய வந்த காவல்படை, எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947இல்தான். சீர்திருத்தத்தின் பெயரால் அந்நாளில் நிறுவப்பட்ட கள்ளர் பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. அவற்றில் படித்துப் பல்லாயிரவர் உயர்ந்திருக்கிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியதே. எனினும், 'இவன் சுபாவமே இப்படி' என்று ஒரு பிள்ளையைப் பார்த்து நாம் எளிதாகச் சொல்லிவிடும்போது, அந்த வாக்கியம் ஒருகாலத்தில் அரசாங்கத்தின் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது என்பதை மறக்கலாகாது.

இனி மந்திரிப்பைப் பற்றி. என் சிற்றப்பா மகன் ஒருவன், ஆறு வயதில், சில நாட்களில் காலை எழுந்தவுடனே சுவரில் தலையை மோதிக்கொண்டு அலறுவான். கோரிப்பாளையம் தர்காவில் தண்ணீர் ஓதித் தெளித்தார்கள். பாண்டி கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். இரண்டு மூன்று நாள் அமைதியாக இருப்பான். இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்குச் சம்மதமில்லை. வேலை ஓயாத அந்தக் குடும்பத்தில், ஒரு முழுப் பகல் தாயின் மடியில் அமர்ந்து, எல்லாருடைய கவனத்துக்கும் பாத்திரமாகி, பயமின்றி இருக்கும் பாக்கியம் அந்தப் பயணங்களில்தான் அவனுக்கு வாய்த்தது. ஆனால் உண்மையான வைத்தியத்தைச் செய்தவர் என் அப்பத்தா. வாரச் சந்தைக்குக் கூடை தூக்கிக்கொண்டு சித்தி இருட்டிலேயே புறப்பட்டுப் போகும் நாட்களில்தான் அவன் அலறுகிறான் என்பதைக் கவனித்து, "தூங்கையில விட்டுட்டுப் போகாத ஆத்தா. எழுப்பி, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போ" என்று சித்தியிடம் சொன்னார், சித்தி போனபின் அவன் அருகிலேயே அமர்ந்து, ஒன்றும் பேசாமல் முதுகைத் தடவிக்கொண்டிருப்பார். அலறல் ஒரே நாளில் நிற்கவில்லை. அந்த வருஷத்துத் தை பிறப்பதற்குள் நின்றுவிட்டது.

அப்பத்தா செய்ததைச் சாஸ்திரமாகச் செய்ய மேனாட்டுக்குப் பல்லாண்டுகள் பிடித்தன. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார், முயலைக் கண்டால் நடுங்கிய பீட்டர் என்ற மூன்று வயதுக்கு எட்டாத சிறுவனை, அவனுக்குப் பிடித்த உணவை உண்ணும்படி உட்காரவைத்து, முயற்கூண்டை அறையின் கோடியில் தொடங்கி நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அவனருகே கொண்டுவந்து, இறுதியில் அவனே அதைத் தொட்டு விளையாடும் நிலையை உண்டாக்கினார். அவனை யாரும் வற்புறுத்தவில்லை, வெட்கப்படுத்தவில்லை. நடத்தைச் சிகிச்சையின் தாய் என்று பின்னோர் அவரைப் போற்றியது தகும். ஆனால் அந்தத் தாயின் வழியை அச்சிகிச்சை எப்போதும் பின்பற்றியதென்று சொல்ல முடியாது; 1960களில் அமெரிக்காவில் ஐவார் லோவாஸ் என்பவர் ஆட்டிசம் எனப்படும் தன்வயநிலையுடைய குழந்தைகளைத் திருத்த அதட்டலையும் அறையையும் மின்சார அதிர்ச்சியையும்கூடப் பிரயோகித்தார். பரிவோடு கூடிய நடத்தைச் சிகிச்சை என்று இன்று அடைமொழி சேர்த்து வழங்க நேர்ந்திருப்பதற்கு இந்தச் சரித்திரமும் ஒரு காரணம். கோதண்டம் ஆய்வுக்கூடத்துக்குள்ளும் நுழைந்திருந்தது. 1982இல் பிரையன் ஐவாட்டாவும் சகாக்களும் தம்மைத் தாமே அடித்துக்கொள்ளும் 9 பேரை வெவ்வேறு சூழ்நிலைகளில் அமர்த்திக் கவனித்து, ஒருவர் கவனத்தை நாடியும், மற்றொருவர் இயலாத வேலையிலிருந்து விடுபடவும், இவ்வாறு பெரும்பாலோர் வெவ்வேறு காரணத்தாலே அதைச் செய்வதைப் புலப்படுத்தியபோதுதான், எப்படி நிறுத்துவது என்று கேட்டுவந்த அத்துறை, எதனால் நிகழ்கிறது என்று முறையாகக் கேட்கத் தொடங்கியது.

அடியைக் கைவிடும் மனமாற்றம் ஒரு தனிமனிதரின் வாழ்வில் எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்குக் காந்தியடிகளின் அனுபவத்தை எடுத்துக்கொள்ளலாம். 1910இல் ஜோஹானஸ்பர்க் அருகே நிறுவிய டால்ஸ்டாய் பண்ணையில், தமிழ்ப் பிள்ளைகளும் அடங்கிய ஒரு பள்ளியை அவர் நடத்தினார். எவருக்கும் அடங்காமல் பொய்யும் சண்டையுமாக இருந்த, பதினேழு வயது மதிக்கத்தக்க வலுவான பையன் ஒருவனை ஒருநாள் பொறுமையிழந்து அடிக்கோலால் கையில் அடித்துவிட்டார். அடிக்கும்போதே அவர் உடல் நடுங்கிற்று. திருப்பி அடிக்கும் வலிமை இருந்தும் அந்தப் பையன் அழுது மன்னிப்புக் கேட்டான். அடியின் வலியால் அவன் அழவில்லை என்றும், தம் வேதனையைக் கண்டே அழுதான் என்றும் சுயசரிதையில் எழுதும் காந்தியடிகள், அதன்பின் எந்தப் பிள்ளையையும் அடிக்கவில்லை. அடித்தது சரியென்று அவர் ஒருபோதும் சாதிக்கவுமில்லை. 1959இல் நேருவால் திறந்துவைக்கப்பட்டு, ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் இன்றும் விளங்கும் மதுரைக் காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், இந்தச் சம்பவத்தையும் ஒருமுறை நினைத்துக்கொள்வார்களானால் நன்று.

வைத்தியத் துறையில் மதுரைக்கு, காரணத்தை விசாரிக்கும் மனோபாவம் பெரிய ஆஸ்பத்திரி வழியாக வந்தது. முன்னாள் கவர்னர் எர்ஸ்கின் பெயரைத் தாங்கியிருந்து, பின்னர் ராஜாஜி பெயரைப் பெற்ற அந்த மருத்துவமனையோடு 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியும் இணைந்து வளர்ந்தது. அங்கே மனோவியாதித் துறையைப் பேணி வளர்த்த டாக்டர் ஆ. வெங்கோபராவ், தற்கொலைக்கு முயன்று அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட 114 பேரைப் பற்றிய ஆய்வை 1965இல் வெளியிட்டார். தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றமாயிருந்த காலம் அது. சட்டம் குற்றவாளியைக் கண்ட இடத்தில் அந்த வைத்தியர் காரணங்களைத் தேடினார். குழந்தையின் ஆவேசத்தை அணுகுவதற்கும் இந்தப் பார்வைதான் அஸ்திவாரம் என்பதால், இந்த நகரத்தின் குழந்தை நல வரலாற்றிலும் அவர் பெயர் இடம்பெற வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

1992இல் டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையை நிறுவி, மனநலச் சேவையை ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெளியே கொண்டுசென்றார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் கொட்டகை ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓடவும் வழியின்றி மாண்டார்கள். உயிரிழந்தோர் 28 பேர். ஓடிப்போகும் பையனின் காலில் கட்டையைப் பூட்டிய அதே யுக்தி, வளர்ந்த மனிதரின் காலில் அப்படியே தங்கியிருந்தது என்பதை அந்த நெருப்பின் வெளிச்சத்திலேதான் நாடு பார்த்தது. மாவட்ட மனநலத் திட்டம் மதுரைக்கு வந்ததும் அதே 2001இல். நோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் திட்டவட்டமாக விதித்திருக்கிறது.

இன்று பரிவோடு கூடிய நடத்தைச் சிகிச்சைக்கு ஒரு தாய் தன் குழந்தையை அழைத்துச் சென்றால், முதலில் அவள் கையில் கொடுக்கப்படுவது மருந்தாக இல்லாமல் ஒரு நோட்டுப் புத்தகமாக இருப்பதே பெரும்பாலும் வழக்கம். ஆவேசம் வருவதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன்பின் வீட்டார் என்ன செய்தார்கள் என்று அதில் அவள் குறித்துவர வேண்டும். காரணம் தென்பட்டதும், அலறாமலே அதைக் கேட்டுப் பெறும் வழியைக் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்: சத்தம் தாங்கவில்லையென்றால் காட்ட ஒரு படஅட்டை, வயிற்றைப் புடைக்கவைத்து விடும் மூச்சு, 'எனக்குக் கோபம் வருது' என்று சொல்லப் பழகுதல், சிறு வெற்றிக்கும் உடனே ஒரு பாராட்டு. ஆவேசம் உச்சத்தில் இருக்கும் வேளையில் உபதேசம் செய்வதில்லை. குழந்தைக்குக் காயம்படாமல் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி அருகில் இருந்துவிடுகிறார்கள். பயிற்சியின் பாதி பெற்றோருக்கே உரியது. ஏனெனில் தன் கோபத்தை அடக்கத் தெரியாத தகப்பனிடமிருந்து குழந்தை அதைக் கற்றுக்கொள்ள முடியாது. மாதக்கணக்கில் பொறுமை வேண்டும் இதற்கு. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அந்த நோட்டில் எழுதவும் நேரமிராது என்பதால், பள்ளி ஆசிரியையோ, வீட்டுப் பாட்டியோ, அங்கன்வாடி ஊழியரோ அவளுக்குத் துணைநின்றாலன்றி இந்த முறை கிராமத்துக்குள் முழுமையாகச் சென்று சேராது.

ஆகவே, உசிலம்பட்டியிலோ மேலூரிலோ வாடிப்பட்டியிலோ இதைப் படிக்கும் தாய்மாரையும் தகப்பன்மாரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோயிலுக்குப் போய்வாருங்கள், தர்காவிலும் ஓதிவாருங்கள். அதோடு மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு வாசலுக்கும் ஒருமுறை குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். அங்கே நிற்பதற்கு வெட்கப்பட வேண்டாம். எந்த நாட்களில், எந்த வேளையில், யார் அருகில் இல்லாதபோது அழுகிறது என்பதை மட்டும் நன்றாகக் கவனித்துக்கொண்டு போங்கள். வைத்தியர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.