இலக்கிய முகவர் பிங்கர்

தரகர் என்ற சொல்லை நம் மக்கள் மதிப்போடு வழங்குவதில்லை. மாட்டுத் தரகர், காணித் தரகர், கலியாணத் தரகர் ஆகியோர் இரு பக்கமும் பேசி இடையிலே பயன் கொள்வோர் என்பதே ஊரார் எண்ணம். எழுத்துக்கும் தரகர் உண்டென்றால் நேயர்கள் வியப்படையலாம். ஆங்கில நாட்டில் அவரை இலக்கிய முகவர் என்பர். அத்தொழிலில் பெயர்பெற்ற ஒருவரின் வாழ்க்கையை இன்று நோக்குவோம்.

இத்தொழிலை முதலில் நிலைபெறச் செய்தவர் கிளாஸ்கோவிற் பிறந்த வாற் என்பவர். 1875ஆம் ஆண்டளவில், தம் நண்பரான நாவலாசிரியர் யோர்ச் மக்டொனால்டின் கதைகளைப் பதிப்பாளரிடம் விலைபேசிக் கொடுக்கத் தொடங்கினார். பின்னர் அதனையே தொழிலாக்கி, எழுத்தாளருக்கு வரும் பணத்தில் நூற்றுக்குப் பத்து வீதம் பெற்றார். கிப்ளிங்கும் தோமஸ் ஹார்டியும் அவரை நாடினர்.

அக்காலமும் இத்தொழிலுக்கு இடங்கொடுத்தது. 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின் பின் வாசிப்போர் தொகை பெருகியது. சஞ்சிகைகள் பல தோன்றின. 1891இல் அமெரிக்கா அந்நிய நாட்டு எழுத்தாளருக்கும் பதிப்புரிமை வழங்க முன்வந்தது. ஒரே கதையை இலண்டனிலும் நியூயோர்க்கிலும் தொடர்கதையாகவும், பின்னர் இரு நாட்டிலும் நூலாகவும் விற்கலாம் என்ற நிலை உண்டாயிற்று. கதை எழுதுபவன் இத்தனை கணக்கையும் தானே பார்ப்பது எங்ஙனம்? ஆயினும் பதிப்பாளருக்கு முகவர் பிடிக்கவில்லை. ஹைன்மன் என்ற பதிப்பாளர் முகவரை ஒட்டுண்ணி என்றே இகழ்ந்தார்.

இத்தகைய சூழலில் 1896இல் இலண்டனில் அலுவலகம் திறந்தவர் யேம்ஸ் பிராண்ட் பிங்கர். 1863இற் பிறந்த இவர் துறைமுக எழுதுவினைஞராயிருந்து, கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஆங்கிலப் பத்திரிகையொன்றிற் பணியாற்றி, இலண்டனுக்கு மீண்டு சஞ்சிகை உதவியாசிரியரானவர். எந்த ஆசிரியர் எத்தகைய கதையை விரும்புவார் என்பதை உள்ளிருந்தே அறிந்தவர். ஓரிருப்பில் வாசித்து முடிக்கத்தக்க சிறுகதைக்கும், அடுத்த இதழை எதிர்பார்க்கச் செய்யும் தொடர்கதைக்கும் அக்காலத்தில் நல்ல விலை கிடைத்தது. அவற்றைப் பிங்கர் தேடினார். அவற்றோடு, இன்னும் பெயர் பெறாத இளம் எழுத்தாளரையும் தேடினார். இதுவே அவரது தனிச் சிறப்பு.

1899இல் அவர் யோசப் கொன்ராட்டுக்கு எழுதினார். 1857இல் போலந்துக் குடும்பத்திற் பிறந்து, பல்லாண்டு கடலோடியாயிருந்து, மூன்றாம் மொழியாகக் கற்ற ஆங்கிலத்தில் எழுதியவர் கொன்ராட். தமது எழுத்து முறை வியாபாரத்துக்கு ஒவ்வாதது, தம்மால் முகவருக்கு யாதொரு பயனுமில்லை என்று அவர் பதில் விடுத்தார். எனினும் அடுத்த ஆண்டே பிங்கரிடம் வந்து சேர்ந்தார்.

அவர் எச்சரித்தபடியே நடந்தது. சிறுகதை என்று தொடங்குவார். அது நாவலாக வளர்ந்துவிடும். குறித்த நாளில் எதுவும் முடியாது. நூல்களை அறிஞர் போற்றினர், வாங்குவோர் சிலரே. எழுதி அனுப்பிய தாள்களுக்கு ஈடாகப் பிங்கர் முற்பணம் கொடுத்துக்கொண்டே வந்தார். கடன் ஆயிரம் பவுணைத் தாண்டியது. 1907இன் இறுதியிற் சிறுகதையாகத் தொடங்கிய 'அண்டர் வெஸ்டேர்ண் ஐஸ்' ஈராண்டாகியும் முடியவில்லை. பொறுமையிழந்த பிங்கர், இனிப் பணமில்லை என்று அச்சுறுத்தினார். 1910 சனவரியிற் கையெழுத்துப் பிரதியோடு வந்த கொன்ராட்டுக்கும் அவருக்கும் கடும் வாக்குவாதம் மூண்டது. ஆங்கிலத்திற் பேசும்படி பிங்கர் சொன்ன ஒரு சொல், அம்மொழியையே வாழ்வாகக் கொண்டவரின் நெஞ்சைச் சுட்டது. கொன்ராட் வீடு திரும்பிப் பல வாரம் நோயாய்க் கிடந்தார்.

இருவர்க்குமிடையே நட்பு அற்றது; தொழிற்றொடர்பு அறவில்லை. 1914இல் 'சான்ஸ்' என்ற நாவல் வெளிவந்து, கொன்ராட்டின் முந்திய நூல் எதுவும் காணாத விற்பனையைக் கண்டது. வறுமை நீங்கியது, பழைய நட்பும் மீண்டது. 1922இல் பிங்கர் நியூயோர்க்கில் இறந்தபோது கொன்ராட் ஆழ்ந்து துயருற்றார்.

ஹைன்மனின் குற்றச்சாட்டில் உண்மை அறவே இல்லை என்று கூற இயலாது. விற்ற விலையிற் பங்கு பெறுபவன் விலைபோகும் எழுத்தையே விரும்புதல் இயல்பு. பிங்கரும் கணக்குப் பார்த்தவரே, கடுஞ்சொற் கூறியவரே. ஆயினும் விலைபோன கதைகளால் வந்த பொருளைக் கொண்டு, விலைபோகாத ஒருவரைப் பதினான்கு ஆண்டு தாங்கினார். கொன்ராட்டின் நூல்கள் இன்று உலகெங்கும் கல்லூரிகளிற் பயிலப்படுகின்றன. அவற்றின் முகப்பில் ஆசிரியர் பெயர் உண்டு, பதிப்பாளர் பெயர் உண்டு. அடுத்தமுறை அவற்றுள் ஒன்றை நேயர்கள் கையிலெடுக்கும்போது, அங்கே அச்சிடப்படாத மூன்றாவது பெயரையும் ஒருகணம் நினைவுகூர்வாராக.