நஞ்சு நீக்கலா, உடல் மீள்தலா? போதைவிலகல் மருத்துவத்தின் வரலாறும் ஒரு கலைச்சொல்லின் சிக்கலும்

ஆய்வுச்சுருக்கம்

மது, அபின்வகைப் பொருள்கள், தூக்கமருந்துகள் ஆகியவற்றின் நீண்டகாலப் பயன்பாட்டை மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்தும் முறை தமிழில் பெரிதும் ‘நச்சுநீக்கம்’ எனப்படுகிறது. உடலில் தேங்கிய நஞ்சை வெளியேற்றுதல் என்னும் பழைய கோட்பாட்டை இச்சொல் சுமந்து நிற்கிறது. 1813 முதல் இன்றுவரையிலான மருத்துவ வரலாறு அக்கோட்பாடு படிப்படியாகக் கைவிடப்பட்டதைக் காட்டுகிறது. அவ்வரலாற்றை நான்கு கட்டங்களாகப் பகுத்துக் காணும் இக்கட்டுரை, பழைய கோட்பாடு சொல்லளவில் எஞ்சியிருப்பதால் நோயாளியும் குடும்பத்தாரும் கொள்ளும் எதிர்பார்ப்பு எவ்வாறு பிழைபடுகிறது என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நச்சுநீக்கம், விலகல் குறிகள், நடுக்கச் சன்னி, தாங்குதிறன், குடிநோய், மருத்துவ வரலாறு.

முன்னுரை

போதைப்பழக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சட்டத்தையும் வணிகத்தையும் மையமாகக் கொள்கின்றனர். பழக்கத்தை நிறுத்திய முதல் பத்து நாள்களில் ஒருவரின் உடலுக்கு என்ன நேர்கிறது, அதை மருத்துவர்கள் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பது குறைவாகவே பேசப்பட்டுள்ளது. ஆயினும் உயிர் பிழைப்பதும் இழப்பதும் பல நேரங்களில் அந்த நாள்களிலேயே முடிவாகின்றன. மது, தூக்கமருந்து ஆகியவற்றைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். அபின்வகைப் பொருள்களை நிறுத்துவது பெருந்துன்பம் தரினும் அரிதாகவே உயிரைப் பறிக்கும். அங்கே பேரிடர் நிறுத்திய பின்னரே காத்திருக்கிறது. இவ்வேறுபாட்டை மருத்துவ உலகம் உணர ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

1. நடுக்கச் சன்னியும் தவறான காரணமும்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் நோயாளிகளைக் கண்ட மருத்துவர் தாமஸ் சட்டன், 1813இல் ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ என்னும் பெயரை மருத்துவ நூல்வழக்கிற்குக் கொண்டுவந்தார். கைநடுக்கம், உறக்கமின்மை, இல்லாததைக் காணுதல், பிதற்றல் ஆகியன கூடிய இந்நிலையைத் தமிழில் நடுக்கச் சன்னி எனலாம். அதுவரை இது மூளை அழற்சியோடு சேர்த்தெண்ணப்பட்டது. அழற்சிக்குரிய மருத்துவமாகக் குருதி வடித்தலே மேற்கொள்ளப்பட்டது. குருதி வடித்த நோயாளிகள் நலிவுற்றதையும், அபின் கொடுக்கப்பட்டோர் உறங்கித் தேறியதையும் சட்டன் பதிவுசெய்தார். இரு நோய்களையும் வேறுபடுத்தியதே அவரது பங்களிப்பின் சிறப்பு.

எனினும் ஒரு வினா விடையின்றி நின்றது. சன்னி மிகுதியாகக் குடித்ததால் வருகிறதா, குடியை நிறுத்தியதால் வருகிறதா? 19ஆம் நூற்றாண்டு முழுவதும் மருத்துவர்கள் இதில் பிளவுபட்டிருந்தனர். மதுவின் நஞ்சு மூளையைத் தாக்குகிறது என்ற விளக்கமே வலுப்பெற்றிருந்தது. நஞ்சுதான் காரணம் என்றால் அதை உடனே நிறுத்தி வெளியேற்றுவதே மருத்துவம் என்றாகிறது. இம்முடிவு நோயாளியை மேலும் ஆபத்தில் தள்ளக்கூடியது என்பதைப் பிற்கால ஆய்வுகள் உணர்த்தின.

2. பூட்டிய அறையும் பேதி மருந்தும்

மார்பின் பிரித்தெடுக்கப்பட்டதும், 1850களில் தோலடி ஊசி மருத்துவப் பயன்பாட்டிற்கு வந்ததும் புதியதொரு நோயாளி வகுப்பைத் தோற்றுவித்தன. இவர்களுள் பலர் மருத்துவர் கையாலேயே பழக்கத்திற்கு ஆளானவர்கள். பெர்லின் மருத்துவர் எடுவார்ட் லெவின்ஸ்டைன் 1877இல் மார்பின் பழக்கம் குறித்துத் தனிநூல் எழுதினார். மருந்தை ஒரே நாளில் முற்றாக நிறுத்துவதே அவர் முறை. தற்கொலைக்கு உதவக்கூடிய பொருள்கள் அகற்றப்பட்ட அறையில், செவிலியர் இடைவிடாது காவலிருக்க, நோயாளி அடைத்து வைக்கப்பட்டார். உடல் சரிந்து உயிருக்கு இடர் வரும்போது மட்டும் மார்பின் அளிக்கலாம் என்றும் அவர் குறித்துள்ளார். நீக்கப்படும் பொருளே உயிர் காக்கும் மருந்தாகவும் அமைகிறது என்னும் இம்முரண், நஞ்சுக் கோட்பாட்டின் விரிசலை அப்போதே காட்டியது. அவர் காலத்தவரான அல்பிரெக்ட் எர்லன்மேயர் சில நாள்களில் அளவைக் குறைத்து நிறுத்தும் முறையை ஆதரித்தார். திடீர் நிறுத்தமா, படிக்குறைப்பா என்னும் இவ்விவாதம் இன்றளவும் வேறு வடிவங்களில் தொடர்கிறது.

ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நீக்கும் முயற்சிகளும் இக்காலத்தனவே. சிக்மண்ட் பிராய்டு 1884இல் மார்பின் விலகலுக்குக் கோகெய்னைப் பரிந்துரைத்தார். அவருடைய நண்பர் எர்ன்ஸ்ட் வான் ஃபிளைஷ்ல்-மார்க்ஸோவ் அதனால் கோகெய்னுக்கும் அடிமையானார். எர்லன்மேயர் இம்மருத்துவத்தைக் கடுமையாகக் கண்டித்தார்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நஞ்சுக் கோட்பாடு உச்சம் தொட்டது. அபின் உடலில் ஒருவகை நஞ்சை உருவாக்குகிறது, அதைக் குடலின்வழி வெளியேற்றினால் ஏக்கம் அகலும் என்ற கருத்து பரவியது. மருத்துவப் பட்டம் பெறாத சார்லஸ் டவுன்ஸ் நியூயார்க்கில் நடத்திய மருத்துவமனையில் பெல்லடோனா, குரோசாணி ஓமம் முதலியவற்றின் சாறுகளும் கடும் பேதி மருந்துகளும் கொடுக்கப்பட்டன. மருத்துவர் அலெக்சாண்டர் லாம்பர்ட் 1909இல் இம்முறையை அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் விளக்கியதால் அதற்கு அறிவியல் மதிப்புக் கிட்டியது. பின்னாளில் அவரே இம்முறையின்மீது நம்பிக்கை இழந்தார். விலகலால் முன்பே வயிற்றுப்போக்கும் வாந்தியும் உடையவருக்குப் பேதி மருந்து கொடுப்பது நீரிழப்பையே மிகுவிக்கும். ‘நச்சுநீக்கம்’ என்னும் சொல்லின் நேர்ப்பொருளை முழுமையாகச் செயற்படுத்திய மருத்துவம் இதுவே எனலாம்.

3. லெக்சிங்டன்: அளவிடப்பட்ட துன்பம்

அமெரிக்கக் கூட்டரசு 1935இல் கென்டக்கி மாநில லெக்சிங்டனில் போதைப்பழக்கத்தினர்க்கென ஒரு நிறுவனத்தைத் திறந்தது. அது பாதி மருத்துவமனை, பாதி சிறை. தண்டனைக் கைதிகளோடு தாமாக வந்தோரும் அங்குத் தங்கினர். அங்குப் பணியாற்றிய கிளிஃப்டன் ஹிம்மல்ஸ்பாக் விலகல் குறிகளை எண்களால் அளந்தார். கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், வியர்வை, மயிர்க்கூச்செறிதல், பாவை விரிதல், காய்ச்சல், மூச்சுவேகம், குருதியழுத்தம், வாந்தி, எடையிழப்பு ஆகியவற்றிற்கு மதிப்பெண் இட்டு நாள்தோறும் தொகுத்தார்.

இவ்வளவையின் முதன்மை இரு நிலைகளில் அமைகிறது. நோயாளி நடிக்கிறார் என்ற ஐயத்திற்கு அது முடிவு கட்டியது. மயிர்க்கூச்செறிதலையும் பாவை விரிதலையும் யாரும் விரும்பி வரவழைக்க இயலாது. விலகல் என்பது இடையறாத மருந்துக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொண்ட நரம்பு மண்டலம், மருந்து அகன்றதும் நிலைகுலைவதே என்ற விளக்கத்திற்கும் அது வழிவகுத்தது. கடுமையான குறிகள் அடங்கிய பின்னரும் உடலின் சில அளவீடுகள் இயல்புக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகின்றன என்பதும் ஹிம்மல்ஸ்பாக்கின் பதிவுகளில் உண்டு. நஞ்சு நீங்கினால் நலம் என்னும் கருத்திற்கு இது நேர்மாறானது.

மதுவைப் பற்றிய பழைய வினாவுக்கும் லெக்சிங்டனிலேயே விடை கிடைத்தது. ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர் 1955இல் வெளியிட்ட ஆய்வில், முன்னாள் மார்பின் பழக்கத்தினர் பத்துப் பேருக்கு நல்ல உணவும் உயிர்ச்சத்துகளும் அளித்துக்கொண்டே பெருமளவு மது கொடுக்கப்பட்டது. சிலர் 87 நாள்கள்வரை குடித்தனர். திடீரென நிறுத்தியபோது நெடுநாள் குடித்தவர்களுள் சிலருக்கு வலிப்பும் சன்னியும் தோன்றின. உணவுக்குறைவோ மதுவின் நேரடி நஞ்சோ இவற்றுக்குக் காரணமில்லை, நிறுத்தமே காரணம் என்பது இதனால் உறுதிப்பட்டது.

இவ்வறிவு பெறப்பட்ட வழி அறத்திற்கு உகந்ததன்று. ஆய்வுக்குட்பட்டோர் சிறைக்கைதிகள், லெக்சிங்டன் ஆய்வுகளில் பங்கேற்றோருக்குப் போதைப்பொருளே வெகுமதியாகத் தரப்பட்டதும் உண்டு. 1970களில் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைகள் இதை வெளிக்கொணர்ந்தன. அதன்பின் அங்குக் கைதிகளைக் கொண்டு செய்யும் ஆய்வுகள் முடிவுக்கு வந்தன. இன்று விலகல் பிரிவில் பாதுகாப்பாகக் கண்விழிக்கும் நோயாளி, தம் உடன்பாட்டைச் சுதந்திரமாகத் தர இயலாத நிலையிலிருந்த அம்மனிதர்களுக்குக் கடன்பட்டவர் என்பதை மருத்துவ வரலாறு மறைத்தல் கூடாது.

4. அளவுகோலும் மாற்றுமருந்தும்

காரணம் தெளிந்தபின் மருத்துவத்தின் நோக்கமும் மாறியது. மூளையின் கொதிப்பைத் தணித்து, அது தன் சமநிலையை மீட்கும்வரை காலம் ஈட்டித் தருவதே இப்போது இலக்காயிற்று. 1960இல் விற்பனைக்கு வந்த குளோர்டையசெபாக்சைடு இதற்கு ஏற்ற கருவியாயிற்று. அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் 537 நோயாளிகளைக் கொண்டு நிகழ்த்தி 1969இல் வெளியிடப்பட்ட ஒப்பாய்வு, வலிப்பையும் சன்னியையும் தடுப்பதில் இம்மருந்தின் மேன்மையைக் காட்டியது. மனநோய்க்கான குளோர்புரோமசைன் வலிப்பை மிகுவித்ததும் அதில் தெரியவந்தது.

1989இல் டொராண்டோ ஆய்வாளர்கள் செம்மைப்படுத்திய பத்துக்கூறு அளவுகோல், செவிலியர் சில நிமிடங்களில் விலகலின் கடுமையை மதிப்பிட உதவியது. மருந்தை மணிக்கணக்கில் கொடுக்காமல் குறிகளுக்கேற்பக் கொடுத்தபோது, மருத்துவக் காலத்தின் இடைநிலை அளவு 68 மணியிலிருந்து 9 மணியாகக் குறைந்ததை 1994ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. ஹிம்மல்ஸ்பாக் தொடங்கிய அளவிடும் மரபின் கனி இது.

அபின்வகைப் பழக்கத்தில் மெதடோன் 1940களின் இறுதியில் லெக்சிங்டனில் படிக்குறைப்பிற்குப் பயன்பட்டது. வின்சென்ட் டோலும் மாரி நிஸ்வாண்டரும் 1965இல் அதையே நீடித்த மருத்துவமாக முன்வைத்தனர். லெக்சிங்டனில் பணியாற்றியிருந்த நிஸ்வாண்டர், விலகல் முடித்துச் சென்றோர் மீண்டும் மீண்டும் திரும்பி வருவதை நன்கறிந்தவர். 1978இல் குளோனிடைன் விலகல் குறிகளைத் தணிப்பது கண்டறியப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் மெதடோனையும் புப்ரெனார்ஃபினையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

5. இன்றைய நோயாளி எதிர்கொள்ளும் நாள்கள்

இவ்வரலாற்றின் படிவுகளை இன்றைய விலகல் பிரிவில் காணலாம். மதுவை நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, பதற்றம், உறக்கமின்மை தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணிக்குள் வரும். சன்னி ஏறத்தாழ இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் தோன்றும். ‘இரண்டு நாள் நன்றாகத்தானே இருந்தார்’ என்று குடும்பத்தார் ஏமாறுவது இவ்விடைவெளியால்தான். தயமின் உயிர்ச்சத்தை ஊசிவழி கொடுப்பது, 1881இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த மூளைநோயைத் தடுப்பதற்காகும். உரிய மருத்துவம் பெற்றால் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறுகின்றனர்.

ஹெராயின் நிறுத்தத்தில் 8 முதல் 12 மணிக்குள் கொட்டாவியும் மூக்கொழுகலும் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள்களில் தசைவலி, வயிற்றுப்போக்கு, கூச்செறிதல் உச்சமடைந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் அடங்கும். தூக்கமருந்துகளையோ வாரங்கள், சில வேளை மாதங்கள் கொண்டு படிப்படியாகவே குறைக்க வேண்டும். எப்பொருள், எவ்வளவு, எத்தனை காலம், முன்பு வலிப்பு வந்ததா என மருத்துவர் கேட்பவை குற்ற விசாரணை அல்ல. ஒவ்வொரு விடையும் மருந்தின் அளவை நிர்ணயிக்கிறது.

பெரும் இடர் ஒன்று வீடு திரும்பிய பின்னரே எழுகிறது. விலகல் முடிந்த உடல் தன் தாங்குதிறனை இழந்துவிடுகிறது. முன்பு பழகிய அளவே அப்போது உயிரைக் கொல்லும் அளவாகிறது. இங்கிலாந்தில் 2003இல் வெளியான ஆய்வொன்றில், உள்நோயாளியாக இருந்து விலகலை முழுமையாக முடித்துத் தாங்குதிறன் இழந்த 37 பேருள் மூவர் நான்கு மாதங்களுக்குள் மிகையளவால் இறந்தனர். வெற்றிகரமாக முடித்தவர்களே மிகுந்த இடரில் இருந்தனர் என்பது ‘நச்சு நீங்கிவிட்டது’ என்ற ஆறுதலின் அபாயத்தைக் காட்டுகிறது.

6. தென்னிந்தியச் சூழலும் சொல்லாட்சியும்

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், விலகல் மருத்துவத்தை முழுச் சிகிச்சையாகக் கொள்ளாமல் உளவியல் சிகிச்சைக்கும் குடும்ப ஆற்றுப்படுத்தலுக்கும் முன்படியாக வைத்தது. ‘குடிகாரன்’ என்னும் வசைச்சொல்லின் இடத்தில் ‘குடிநோயாளி’ என்னும் சொல் தமிழில் ஊன்றியதும் ஒரு முன்மாதிரி. ஒரு சொல் மாறியபோது, வீட்டார் நோயாளியைப் பார்க்கும் பார்வைக்கும் வேறொரு வழி திறந்தது.

2020இன் பொதுமுடக்கம் விலகல் அறிவின் தேவையைத் திடீரென உணர்த்தியது. மதுக்கடைகள் ஒரே நேரத்தில் மூடப்பட்டதும், விலகலுக்கு ஆளானோருக்கு மருத்துவர் சான்றின்பேரில் மது வழங்கலாம் எனக் கேரள அரசு மார்ச் இறுதியில் ஆணையிட்டது. விலகலுக்கு மருந்துண்டு, மது மருந்தாகாது என மருத்துவச் சங்கங்கள் எதிர்த்தன. உயர் நீதிமன்றம் ஏப்ரல் 2ஆம் நாள் அவ்வாணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆணையின் வழிமுறை தவறாயினும், திடீர் நிறுத்தம் ஒரு மருத்துவ நெருக்கடி என்பதை ஓர் அரசு ஏற்றுக்கொண்ட நிகழ்வு இது. சட்டனின் காலத்து வினா இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் ஆட்சியாளர் முன்னும் நீதிமன்றத்தின் முன்னும் மீண்டும் நின்றது.

முடிவுரை

குருதி வடித்தல், பூட்டிய அறை, பேதி மருந்து ஆகியன மருத்துவத்திலிருந்து மறைந்துவிட்டன. அவற்றைத் தாங்கிய நஞ்சுக் கோட்பாடு ‘நச்சுநீக்கம்’ என்னும் சொல்லில் எஞ்சியுள்ளது. நஞ்சு நீங்கியதும் நோய் தீரும் என்றும், ஒரு வாரச் செலவோடு பொறுப்பு முடியும் என்றும் குடும்பத்தார் எண்ணுவதற்கு இச்சொல் இடமளிக்கிறது. ‘விலகல் மருத்துவம்’ அல்லது ‘விலகல்காலப் பராமரிப்பு’ என்பன மருத்துவ உண்மைக்கு நெருக்கமானவை. இவை ஒரு காலத்தைக் குறிக்கின்றன, அக்காலத்திற்குப் பின்னும் ஒன்று உண்டு என்பதையும் உணர்த்துகின்றன. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் சொல்லின் பிறமொழி வடிவத்திற்கு நிகரன் தேடுவதோடு நில்லாமல், அது பிறந்த கோட்பாடு இன்றும் உயிருடன் உள்ளதா என்றும் ஆராய்தல் வேண்டும். மருத்துவமனையின் அறிவிப்புப் பலகையிலும் உடன்பாட்டுப் படிவத்திலும் இடம்பெறும் சொல்லையே நோயாளியின் மனைவியோ தாயோ முதலில் படிக்கின்றனர். அவர்கள் எதை எதிர்பார்த்து, எந்நாள்வரை விழித்திருக்க வேண்டும் என்பதை அச்சொல்லே அவர்களுக்குக் கற்பிக்கிறது.